ரக்பி: எந்த எண் சட்டை யாருக்கு?

கேள்வி: பள்ளிக்காலம் முதல் கபடியில் இடது கார்னர் ஆடி வருகிறேன். உயரம் 168 செ.மீ., எடை 68 கிலோ. இவ்வாண்டு எங்கள் கல்லூரியில் ரக்பி அணி தொடங்கியபோது, ஆள் சிறிது என்று சொல்லி என்னை விங்கில் (மைதானத்தின் ஓரத்தில்) நிறுத்தினார்கள். பந்தும் வருவதில்லை, வேலையும் இல்லை. எனக்கு ஏற்ற இடம் எது?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: சிறிய உடம்பு என்றால் விங் என்னும் கணக்கு தவறானது. 2019, 2023 ஆகிய இரு உலகக் கோப்பைகளையும் வென்ற தென்னாப்பிரிக்க அணியில் விங் ஆடிய செஸ்லின் கோல்பே ஏறத்தாழ 172 செ.மீ. உயரமே உள்ளவர். ஆனால் 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு ட்ரை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட்ட நியூசிலாந்தின் ஜோனா லோமு 196 செ.மீ. உயரமும் 115 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உடையவர், அவரும் விங்தான். இருவருக்கும் பொதுவாக இருந்தவை ஓட்டமும், பந்தோடு எதிராளியைக் கடந்துபோகும் துணிவும். உயரமோ எடையோ அல்ல.

பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் சட்டை எண்ணே இடத்தைச் சொல்லிவிடும். 1 முதல் 8 வரை ஃபார்வர்டுகள். ஸ்க்ரம்மில் தோள்கோத்துத் தள்ளிப் பந்தை வென்று தருபவர்கள். 9 முதல் 15 வரை பேக்குகள். வென்ற பந்தைக் கையாலும் காலாலும் முன்னே கொண்டுசெல்பவர்கள். இருசாராருக்கும் நடுவே நின்று பந்தை எடுத்துக் கொடுப்பவர் 9-ஆம் எண்ணுக்குரிய ஸ்க்ரம் ஹாஃப். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் 10-ஆம் எண்ணுக்குரிய ஃப்ளை ஹாஃப். ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் பந்து உங்கள் கையில் இருக்காது. அப்போது உங்கள் கால்கள் தாமாக எங்கே போகின்றன என்பதைக் கவனித்தாலே உங்கள் இடம் பாதி தெரிந்துவிடும். கார்னர் ஆடிப் பழகியவரின் கால்கள் எதிராளி விழும் இடத்துக்குத்தான் போகும்.

எனவே, எனக்குத் தோன்றுவது 7-ஆம் எண், அதாவது ஓப்பன்சைடு ஃப்ளாங்கர்; ஸ்க்ரம்மின் ஓரத்தில், மைதானத்தின் அகன்ற பக்கமாக நிற்பவர். ஸ்க்ரம் கலைந்ததும் முதலில் விலகி ஓடி, பந்து வைத்திருப்பவரை மடக்கி, அவர் விழுந்தபின் பந்தைப் பறிக்கக் குனிய வேண்டியவர் அவரே. பறிப்பவர் தம் காலிலேயே நின்று, உடலின் பாரத்தைத் தாமே தாங்க வேண்டும் என்பது விதி; இடுப்பைத் தாழ்த்தி நின்று பழகிய கபடி ஆட்டக்காரருக்கு அது கைவந்த கலை. கபடியில் பக்கத்து ஆட்டக்காரரோடு கைகோத்துச் சங்கிலியாக நகரும் பழக்கமும் இங்கே உதவும், ஏனெனில் தடுப்பு வரிசையில் ஒருவர் மட்டும் முந்திக்கொண்டு பாய்ந்தால் அவர் விட்ட இடைவெளி வழியாகத்தான் எதிரணி ட்ரை போடும். ஆனால் பதினைந்து பேர் ஆட்டத்தில் மேல்நிலைக்குப் போகும்போது 68 கிலோ இந்த இடத்துக்குப் போதாது. அப்போது 9-ஆம் எண்ணை நோக்கி நகருங்கள். உங்கள் அணி ஏழு பேர் ஆட்டம் ஆடுவதானால் ஹூக்கர் (ஸ்க்ரம் முன்வரிசையின் நடுவில் நின்று பந்தைக் காலால் பின்னே இழுப்பவர்) இடத்தை இப்போதே கேளுங்கள்.

கபடி வீரர் மணத்தி கணேசனைப் போன்றவர்களை நாட்டுக்குத் தந்த சீமையிலிருந்து வருபவரிடம் பிடிப்பதைப் பற்றிப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சில பழக்கங்களை நீங்கள் மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். கபடியில் பிடித்த பிடியை விடாதவர் வெல்கிறார். ரக்பியிலோ எதிராளியை விழச் செய்தவர் உடனே விட்டுவிட்டு எழுந்த பிறகே பந்தில் கை வைக்கலாம். விடாவிட்டால் பெனால்டி, அதைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் எதிரணிக்கு 3 புள்ளிகள். தோளுக்கு மேலே பிடிக்கக்கூடாது. கைகளால் சுற்றிப் பிடிக்காமல் தோளால் மட்டும் மோதவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கபடியில் பாடி வருபவர் பெரும்பாலும் உங்களிடமிருந்து விலகித் திரும்பும்போது பிடிபடுகிறார். ரக்பியில் அவர் முழு வேகத்தில் உங்களை நோக்கியே வருவார். உங்கள் தலை அவர் உடலுக்கு முன்னால் குறுக்கே போய்விடாமல், அவர் முதுகுப்புறமாக ஒதுங்கி இருக்க வேண்டும். நம் ஊர் மைதானங்களின் கட்டாந்தரையில் இதைப் பழகாதீர்கள். கொத்திவிட்ட கபடிக் களமே இதற்கு மேல்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனின் எடை 92 கிலோ. பள்ளி அணியில் அவனை ப்ராப் ஆக்கியிருக்கிறார்கள். குண்டுப் பையன்களை ஒதுக்கிவைக்கும் இடமா அது? கழுத்துக்கு ஆபத்து இல்லையா?
– ஒரு தந்தை, கல்லிடைக்குறிச்சி

பதில்: ஒதுக்குப்புறம் அல்ல, ஐயா. ஸ்க்ரம்மின் முன்வரிசையில் ஹூக்கருக்கு இருபுறமும் நிற்பவர்கள் ப்ராப்கள். அவர்களுள் 3-ஆம் எண் சட்டைக்காரரின் தலை எதிரணியின் இருவருக்கு நடுவே போவதால் அவருடைய இரு தோள்களும் பாரம் தாங்குகின்றன. நெல்லையப்பர் தேரில் வடம் இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்றாலும், தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது சக்கரத்தடியில் கட்டை போடுபவர் கையில் இருக்கிறது அல்லவா. ஸ்க்ரம்மில் அந்தப் பொறுப்பு இவருடையது. லைன் அவுட்டில், அதாவது பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது, தாவுபவரைத் தூக்கிப் பிடிப்பவரும் பெரும்பாலும் ப்ராப்தான். எடை மட்டும் இருந்து முதுகை நேராக வைத்துத் தள்ளத் தெரியாத பையனை அங்கே நிறுத்துவதில் பயனில்லை.

கழுத்தைப் பற்றிய தங்கள் கவலை நியாயமானது. அதனால்தான் விதிகளே அங்கே கடுமையாக இருக்கின்றன. நடுவர் படிப்படியாகக் குரல் கொடுத்த பிறகே இரு அணிகளும் சேர வேண்டும். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரம்மை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது. முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர்கள் இல்லையென்றால், தள்ளாமல் வெறுமனே சேர்ந்து நிற்கும் ஸ்க்ரம்மாக ஆட்டம் நடக்க வேண்டும். முன்வரிசைப் பயிற்சியைத் தனியாக யார் தருகிறார், கழுத்துக்கும் முதுகுக்கும் என்ன உடற்பயிற்சி செய்விக்கிறார் என்று பயிற்சியாளரை நேரில் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை மகனை ஸ்க்ரம்மில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிடலாம்; அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மேலும், இந்த வயதில் இடம் நிலையானதல்ல. இரண்டு ஆண்டுகளில் பையன் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டால் ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசையில் நிற்கும், 4 அல்லது 5-ஆம் எண்ணுக்குரிய லாக் ஆகிவிடுவான். ஆகவே பந்தை இருபுறமும் எறியவும் பிடிக்கவும் இப்போதே பழகட்டும்.

கேள்வி: நான் 400 மீட்டர் ஓடுபவள். ஏழு பேர் ரக்பியில் சேர ஆசை. எங்கே நிற்கலாம்?
– வாசகி, தென்காசி

பதில்: உங்களுக்கு இடம் பல. முழு அளவு மைதானத்தில் ஏழு பேர் மட்டுமே, பாதிக்கு ஏழு நிமிடம் வீதம் ஆடுவதால், மூச்சுப் பிடித்து மீண்டும் மீண்டும் விரைந்து ஓடக்கூடியவர்களையே அணிகள் தேடும். 2016 முதல் இது ஒலிம்பிக் ஆட்டமும்கூட; பெண்கள் பிரிவில் நியூசிலாந்து இருமுறை தங்கம் வென்றிருக்கிறது. விங்கில் தொடங்குங்கள். பின்னால் தனித்து நின்று காக்கும் ஸ்வீப்பர் பொறுப்பு, உங்களைப் போல வேகமும் தாக்குப்பிடிக்கும் திறனும் சேர்ந்தவருக்கு இன்னும் பொருந்தும். ஆனால் ஒற்றைக்கு ஒற்றை டேக்கிள் (பந்து வைத்திருப்பவரை மடக்கி வீழ்த்துவது) செய்யக் கற்ற பிறகுதான்.

கேள்வி: ஓப்பன்சைடு ஃப்ளாங்கர் 7 என்கிறார்கள். தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கொலிசி 6 அணிகிறாரே?
– ஹாக்கி ஆட்டக்காரர், கோவில்பட்டி

பதில்: தென்னாப்பிரிக்காவில் இவ்விரு எண்களும் மரபாகவே இடம் மாறியவை. அங்கே 6 ஓப்பன்சைடு, 7 பிளைண்ட்சைடு (மைதானத்தின் குறுகிய பக்கமாக நிற்பவர்). வேலையில் மாற்றமில்லை.