சிம்போராசோ மலையில் பார்த்த ஊதாத் தலை ஓசனிச்சிட்டு எது? எப்படி உறுதி செய்வது?

ஈக்வடாரின் சிம்போராசோவில், 4,000 மீட்டருக்கு மேலே, ஊதாத் தலையும் வெள்ளை வயிறுமாக ஓர் ஓசனிச்சிட்டைப் (ஹம்மிங்பேர்ட்) பார்த்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். அது ஈக்வடார் ஹில்ஸ்டார், ஆண் பறவை. (சிலர் இதையும் தேன்சிட்டு என்கிறார்கள். நம் ஊர்த் தேன்சிட்டு முற்றிலும் வேறு குடும்பம்.)

நானும் அந்த மலைக்குப் போயிருக்கிறேன். மூச்சு வாங்கி, பத்தடிக்கு ஒருமுறை நின்று நடந்துகொண்டிருந்தபோது, முட்புதர் ஒன்றில் கறுந்தலைக் குருவி ஒன்று தெரிந்தது. அது சற்றே திரும்பியதும் வெயில் பட்டுத் தலை முழுக்கப் பளீரென்று ஊதா! தொண்டை நடுவே பச்சை மின்னியது. மறுபடி திரும்பியதும் பழைய கறுப்புதான். அந்த மினுமினுப்பு ஒளி படும் கோணத்தைப் பொறுத்தது. அதனால் ஒரே படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஊதா முடியும் இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அதற்குக் கீழே வெள்ளை, வயிற்றின் நடுவில் மெல்லிய கருங்கோடு. தொண்டைதான் முக்கியம். பச்சை இருந்தால் சிம்போராசோவுக்கே உரிய உள்ளினம். வடக்கே கோட்டோபாக்சி எரிமலைப் பக்கம் இருப்பவற்றுக்குத் தொண்டையும் ஊதாதான். தொண்டை நீலமாக இருந்தால் அது வேறு இனம்: நாட்டின் தென்மேற்கில் ஒரு சிறு பகுதியில் மட்டும் வாழும் நீலத்தொண்டை ஹில்ஸ்டார். அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்ததே 2018இல்தான்.

பெண் பறவைதான் சிரமம். மேலே மங்கிய பச்சை, கீழே சாம்பல் பழுப்பு, தொண்டையில் சிறு புள்ளிகள், அவ்வளவுதான். அப்போது நிறத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பாருங்கள். மற்ற ஓசனிச்சிட்டுகள் பெரும்பாலும் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். இது பூவிலேயே காலை ஊன்றித் தொற்றிக்கொண்டு குடிக்கும். காற்று மெலிந்த உயரத்தில் அந்தரத்தில் நிற்பதற்குச் சக்தி நிறையச் செலவாகும் அல்லவா? இரவுக் குளிரில் உடல் வெப்பத்தையே குறைத்துக்கொண்டு மரத்துப்போன நிலையில் கிடக்கும் பறவை இது. ஒவ்வொரு துளித் தேனும் அதற்குக் கணக்கு.

அப்புறம், செடி. முள் போன்ற விறைத்த இலைகளும் ஆரஞ்சுப் பூக்களும் கொண்ட சுக்கிராகுவா புதர்தான் இதன் முக்கிய உணவிடம். மறுபடி போனால் நடந்து தேடாதீர்கள். நன்றாகப் பூத்த ஒரு புதரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள்.