இம்போர்ட் வரிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேறு மாட்யூலை, அதாவது கோட் கோப்பை, உள்ளே கொண்டுவரும் பைத்தான் இம்போர்ட் வரிகளைச் சோதிக்க ஒரு சிறு நிரல் எழுதுகிறேன். பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 சொல்வதுபோல முதலில் பைத்தானோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி, அடுத்து வெளித் தொகுப்புகள், கடைசியில் நம்முடையவை, நடுவே வெற்றுவரி, அவ்வளவுதான். எழுத்துக் கோலத்தை வைத்துத் தேடும் ரெஜெக்ஸில் பாதி ஓடுகிறது. கோடை இலக்கண மரமாகப் பிரித்துத் தரும் ஏஎஸ்டிக்கு மாறலாமா? அகரவரிசையில் பெரிய எழுத்து முதலிலா, சிறியதா? பயன்படாத இம்போர்ட்டை நீக்கி, வரிசையையும் அதுவே திருத்திவிட்டால் ஒரே வேலையாக முடியுமல்லவா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

பாதிதான் ஓடுகிறது என்று ஒத்துக்கொண்டீர்களே, அது பிடித்தது. ரெஜெக்ஸை இன்றே தூக்கிப் போடுங்கள். விளக்கக் குறிப்பாக எழுதும் டாக்ஸ்ட்ரிங்குக்குள் ஒரு வரி ‘இம்போர்ட்’ என்று தொடங்கினால் அதையும் பிடித்துக்கொண்டு நிற்கும். ஏஎஸ்டி அந்தத் தப்பைச் செய்யாது. கமென்ட்டுகளை அது விழுங்கிவிடும், அதற்குக் கோடைத் துண்டு துண்டாகப் படிக்கும் டோக்கனைஸ் மாட்யூல் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் லைப்ரரிப் பெயர்களையும் கையால் தட்ட வேண்டாம், பைத்தான் 3.10 முதல் சிஸ் மாட்யூலிலேயே பட்டியல் உண்டு.

ஆனால் ‘அதுவே திருத்திவிட்டால்’ என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! சோம்பலுக்கு ‘ஒரே வேலை’ என்று பெயர் வைக்காதீர்கள். ஜாவாவில் இம்போர்ட் என்பது பெயரைச் சுருக்கிச் சொல்ல ஒரு வசதி. பைத்தானில் அது ஓடும் கட்டளை. முதல்முறை இம்போர்ட் ஆகும்போது அந்த மாட்யூலின் மேல்மட்ட வரிகள் அத்தனையும் ஓடுகின்றன.

நானும் இப்படி ஒரு சோதிப்பான் எழுதியவன்தான். போன வாரம் அந்தப் பழைய கோடைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அதில் ஒரு கோப்பு, ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்துவிட்டு அந்தப் பெயரைக் கீழே எங்குமே தொடாது. மாட்யூலுக்குள் ஒவ்வொரு ஃபங்ஷன் தலையிலும் ஒரு டெக்கரேட்டர், ஃபங்ஷனை ‘இந்த வேலைக்கு இது’ என்று ஒரு டிக்ஷனரியில் பதிந்துவைக்கும். ‘பயன்படாதது’ என்று என் சோதிப்பான் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டது. பிழைச் செய்தி இல்லை, ஒன்றும் இல்லை. டிக்ஷனரி காலி, வந்த வேலைகளையெல்லாம் நிரல் சத்தமில்லாமல் ஒதுக்கித் தள்ளியது. கண்டுபிடிக்க ஒன்றரை நாள். மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பில் அந்தக் கழித்தல் குறி கண்ணெதிரேயே இருந்தது, வெறுமனே இடம் மாறிய முப்பது வரிகளுக்கு நடுவே.

இம்போர்ட்டுகளை அடுக்கும் கருவியான ஐசார்ட் வரிசையை மாற்றுகிறதே என்பீர்கள். மாற்றுகிறது. ‘இந்த வரியைத் தொடாதே’ என்று சொல்ல அதில் ஒரு கமென்ட்டும் வைத்திருக்கிறார்கள். ஏன் வைத்தார்கள் என்று யோசித்தீர்களா? வட்டமாக ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் இரண்டு கோப்புகளை இடம் மாற்றிப் பாருங்கள், தெரியும்.

உங்கள் நிரல் வரி எண்ணைச் சொல்லட்டும், எந்தக் குழுவில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லட்டும். கோப்பில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் அந்தப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. பெப் 8 அகரவரிசையே கேட்கவில்லை. ஏதோ ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.