ஏர் ரைபிளில் குண்டுகள் திடீரென்று சிதறி விழுகின்றன. துப்பாக்கியை மாற்ற வேண்டுமா?

உங்கள் மகன் ஒன்றரை ஆண்டாக 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறான். போன மாதம்வரை இலக்கு அட்டையின் ஒன்பது, பத்து வளையங்களில் விழுந்த குண்டுகள் இந்த மாதம் ஏழு, எட்டு என்று சிதறுகின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், துப்பாக்கியை மாற்ற வேண்டுமா என்று. வேண்டாம். முதலில் குண்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். அதுவரை பையனை ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். என் மகளை நான் சொல்லிவிட்டேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

சூளகிரிக்கு உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். வாரம் இருமுறை ஓசூருக்குப் பயிற்சிக்குப் போவோம். நெடுஞ்சாலையைத் தொடும்வரை நான்கு கிலோமீட்டர் ஜல்லி பெயர்ந்த சாலை. துப்பாக்கிப் பெட்டியைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொள்வாள் மகள். குண்டு டப்பாவை மட்டும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவேன். 500 குண்டுகள் உள்ள டப்பா. புதிதாக இருக்கும்போது நெருக்கமாக இருக்கும், அசையாது. பாதி தீர்ந்த பிறகு சாலைக் குலுக்கலில் உள்ளே சலங்கைபோல் ஆடும். அந்தச் சத்தத்தை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறேன்.

குண்டு ஈயம், மிகவும் மெத்தென்ற உலோகம். 4.5 மி.மீ. குறுக்களவு, அரை கிராம் எடை, தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, அதன் கீழே குடைபோல் விரிந்த மெல்லிய விளிம்பு. விசையை அழுத்தியதும் பின்னால் வரும் காற்று அந்த விளிம்பை விரித்துக் குழலின் உட்சுவரோடு ஒட்டவைக்கிறது. அப்போதுதான் காற்று கசியாது. உள்ளே இருக்கும் திருகு வரிகள் குண்டைப் பிடித்துச் சுழற்றும். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் காற்று ஒருபுறமாக வெளியேறி, குண்டு குழலைவிட்டு நீங்கும்போதே சற்று தள்ளாடும். இலக்கு அட்டையில் நடுப் பத்தின் குறுக்களவே 0.5 மி.மீ. தான். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ. அந்தத் தள்ளாட்டமே ஒன்பதை ஏழாக்கப் போதும்.

ஒரு நாள் மாலை டப்பாவை வெள்ளைத் துணியில் கவிழ்த்து, குண்டுகளை ஒவ்வொன்றாக விளக்கடியில் திருப்பிப் பார்த்தோம். நூற்றில் பத்துப் பன்னிரண்டு விளிம்பு நசுங்கியவை. கவனமில்லை, மூச்சைப் பிடிப்பதில்லை என்றெல்லாம் அவளிடம் சொன்ன அத்தனையும் தவறு. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது டப்பாவின் காலி இடத்தில் வட்டமாக வெட்டிய ஸ்பாஞ்சை அடைத்து மூடுகிறோம். குண்டுக்கு ஒன்றாகத் தனிக்குழியில் வைத்து விற்கும் வகைகளும் உண்டு. விலை அதிகம், போட்டிக்கு மட்டும் போதும்.

குண்டுகள் நன்றாக இருந்தும் சிதறினால், அடுத்து ஆளை விலக்கிவிட்டுத் துப்பாக்கியை மட்டும் சோதியுங்கள். நாங்கள் இரண்டு சிறு பைகளில் முக்கால் பாகம் ராகி நிரப்பி மேசைமேல் வைத்து, அதில் துப்பாக்கியை அணைத்துச் சுட்டோம். மணலும் ஆகும். ராகியாக இருந்தால் அதைப் பிறகு களி கிண்ட எடுக்காதீர்கள். ஈயம் பட்ட கை தொட்டது. இதைப் பயிற்சிக் கூடத்திலேயே செய்யுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்திகளைக் கேட்டுப் பழகிய நம் பக்கத்தில், வீட்டுக் கொல்லையில் சுட்டால் அக்கம்பக்கம் பதறிப்போகும். குண்டு எகிறும் அபாயம் வேறு.

ஒரே அட்டையில், ஒரே புள்ளியைப் பார்த்துப் பத்துக் குண்டு. பத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும் ஒரே கிழிசலானால் துப்பாக்கியில் குறையே இல்லை. அடங்கவில்லையென்றால் வேறு தொகுதி எண் (பேட்ச் நம்பர்) உள்ள டப்பாவால் இன்னொரு பத்து. அதே நிறுவனம், அதே பெயர், அதே விலை என்றாலும் தொகுதிக்குத் தொகுதி குண்டு மாறும். தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். எது உங்கள் குழலுக்கு ஒத்துவரும் என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குண்டையும் மாற்றி, திருகையும் முறுக்கி, குழலையும் துடைத்துவிட்டால் எது குணமாக்கியது என்றே தெரியாது.

எந்தக் குண்டும் சேர்ந்து விழாவிட்டால், தோளில் அணைக்கும் கட்டையையும் குறிபார்க்கும் பின்பார்வையையும் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா பாருங்கள். பிறகு துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரில் உள்ள அழுத்தமானி. அழுத்தம் மிகவும் இறங்கிய சிலிண்டரில் வேகம் குறைந்து குண்டுகள் கீழே கீழே விழும். ஏப்ரல், மே வெயிலில் சிலிண்டரைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள்: 30 டிகிரியில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பியது 60 டிகிரியில் சுமார் 20 பார் ஏறிவிடும். சிலிண்டரில் பொறித்த காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். குழலை நன்றாகத் துடைத்த பின் முதல் சில குண்டுகள் விலகுவது இயல்பு. அதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம்.

இவ்வளவும் சரி என்றான பிறகுதான் பையன் நிற்கும் விதம். ராகி மூட்டையில் வைத்துச் சுட்டால் சேர்ந்து விழுந்து, தோளில் வைத்தால் மட்டும் மேலும் கீழுமாகச் சிதறினால் பெரும்பாலும் மூச்சு. இடமும் வலமுமாகச் சிதறினால் பாதங்களின் நிலை. உடல் இயல்பாக நோக்கும் திசைக்கும் இலக்குக்கும் பொருத்தமில்லை என்று பொருள். சுட்டதும் உடனே துப்பாக்கியை இறக்கும் பழக்கம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். குண்டு குழலைவிட்டு நீங்கும்வரை அசையக் கூடாது. விசையை அழுத்திய பிறகும் ஓரிரு விநாடி அப்படியே நிற்கச் சொல்லுங்கள்.

மூட்டையில் வைத்துச் சுட்ட அட்டையைப் படமெடுத்து இங்கே போடுங்கள், கூடவே டப்பாவின் தொகுதி எண்ணும். பார்த்துச் சொல்கிறேன்.