பழைய பெயரைச் சொல்லி அழைத்தவர்

கேள்வி: 2009இல் போரின் முடிவில் வன்னியிலிருந்து வந்து, இடம்பெயர்ந்தோருக்கான மெனிக்பாம் முகாமில் இருந்து ஊர் திரும்பிய பிறகு குடிக்கத் தொடங்கினேன். தவறணையே கதி என்று ஆனது. மனைவியின் ஒன்பது பவுண் தாலிக்கொடியையும் ஈடு வைத்தேன். அது ஏலத்தில் போய்விட்டது. அவர் இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குச் சென்றுவிட்டார். பின்னர் ஒரு சபையில் ஆண்டவரை ஏற்று ஞானஸ்நானம் பெற்றேன். பதினான்கு மாதங்களாகக் குடியைத் தொடவில்லை. கிளினிக்கில் தந்த மாத்திரைகளை விசுவாசக் குறைவு என்று சபையில் சிலர் சொன்னதால் நிறுத்திவிட்டேன். அடுத்த மாதக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார்கள். மனைவியோ என்னோடு மேடையில் நிற்க மறுக்கிறார். ஊரும் இன்னும் 'குடிகாரன்' என்றே சொல்கிறது. 'பழையவைகள் ஒழிந்துபோயின' என்று வேதம் சொல்லும்போது, அவர் மன்னிக்காமல் இருப்பது பாவம் அல்லவா? நான் இப்போது யார்?
பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் மனைவி மேடைக்கு வர மறுப்பது பாவம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என் மனத்தை மிகவும் வருத்தியது அந்தக் கேள்விதான். நீங்கள் கண்ட அதே ஷெல் வீச்சை அவரும் கண்டார். நீங்கள் இருந்த அதே முகாமில் அவரும் தண்ணீருக்கு வரிசையில் நின்றிருப்பார். ஊர் திரும்பிய பின் உங்களுக்கு ஒரு தவறணை இருந்தது, அவருக்கு இரண்டு பிள்ளைகளும் ஈட்டுக்கடைத் துண்டும்தான் இருந்தன. அவரை மன்னிக்கத் தெரியாதவர் என்று தீர்ப்பதற்கு முன், பதினான்கு மாதங்கள் உங்களுக்கு நீண்ட காலமாகத் தெரிவதுபோல அவருக்கும் தெரியவேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் எடுத்துக் காட்டும் வசனம் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தில் 5ஆம் அதிகாரம் 17ஆம் வசனம். அதற்கு அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். புதுச்சிருஷ்டியானவர்களுக்குத் தேவன் 'ஒப்புரவாக்குதலின் ஊழியத்தை' ஒப்புக்கொடுத்தார் என்று பவுல் அங்கே தொடர்கிறார். அதாவது புதியவனானவன் செய்யவேண்டிய வேலை அங்கேதான் தொடங்குகிறது. அதே பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறிய கடிதத்தில், பிலேமோனைவிட்டுப் பிரிந்துபோய்ப் பின்பு விசுவாசியாகிய அவருடைய அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது, அவன் உமக்கு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வையும், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று எழுதுகிறார். அவன் புதியவனாகிவிட்டான், ஆகவே பழைய கணக்கைக் கேட்காதீர் என்று எழுத அவருக்கு ஒரு வரி போதும். அவர் அப்படி எழுதவில்லை. வரி வசூலிப்பவனான சகேயுவும் இரட்சிப்பு தன் வீட்டுக்கு வந்த அன்றே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னவன்.

இனி, நீங்கள் யார் என்ற கேள்வி. இதை அலட்சியமாகக் கேட்கவில்லை என்பதை உங்கள் எழுத்தே காட்டுகிறது. நானும் அலட்சியமாகப் பதில் சொல்லப்போவதில்லை.

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் 'கரிநெருப்பு' என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று 18ஆம் அதிகாரத்தில், இயேசு பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியனுடைய அரமனை முற்றத்தில். குளிர்காய்ந்துகொண்டு நின்ற பேதுருவிடம், நீயும் அவனுடைய சீஷரில் ஒருவனல்லவா என்று கேட்கிறார்கள். அவர் 'நான் அல்ல' என்கிறார். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், தம்மைப் பிடிக்க வந்தவர்களிடம் இயேசு 'நான்தான்' என்று சொல்லியிருந்தார் என்பதையும் சேர்த்து வாசித்தால், பேதுரு அந்த இரவில் தம் ஆண்டவரோடு தம்மையும் மறுதலித்துவிட்டார் என்பது புரியும். சேவல் கூவியபோது அவருக்கும் உங்கள் கேள்விதான் எஞ்சியிருக்கும்.

மற்றது 21ஆம் அதிகாரம், இயேசு உயிர்த்தெழுந்த பின், திபேரியாக் கடற்கரை. இரவு முழுதும் வலை வீசி ஒன்றும் படாமல் விடியற்காலையில் கரையேறும் களைப்பைப் பாசையூரிலும் குருநகரிலும் வாழ்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், அருகே அப்பம். மணத்தைப்போல நினைவைக் கிளறுவது வேறொன்றும் இல்லை. அந்தக் கரிப்புகை மூக்கில் ஏறிய கணத்தில் பேதுருவின் மனம் எந்த முற்றத்துக்குத் திரும்பியிருக்கும்? ஆண்டவர் வேறு இடத்தில், வேறு விதமாக அவரைச் சந்தித்திருக்கலாம். அந்த நெருப்பை மூட்டியே காத்திருந்தார். முதலில் சாப்பாடு கொடுத்தார். அதன் பிறகே, மறுதலித்த மூன்று தடவைக்கு மூன்று கேள்விகள். அப்போது அவர் 'பேதுருவே' என்று அழைக்கவில்லை. தாமே வைத்த பெயரை விட்டு, 'யோனாவின் குமாரனாகிய சீமோனே' என்று தகப்பன் வீட்டுப் பெயரால் மூன்று முறையும் அழைத்தார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார் என்று யோவான் மறைக்காமல் எழுதுகிறார். துக்கப்படும் அந்த மனிதரிடமே 'என் ஆடுகளை மேய்ப்பாயாக' என்ற பொறுப்பும் கொடுக்கப்பட்டது.

ஊர் உங்களைக் 'குடிகாரன்' என்று அழைக்கும்போது நீங்கள் கூசிப்போகிறீர்கள். அந்தப் பெயரைக் கடவுளும் அறிவார். அறிந்துகொண்டே உங்களைப் பந்திக்கு அழைத்திருக்கிறார் என்பதுதான் நாம் சுவிசேஷம் என்று சொல்வது. கிறிஸ்துவுக்குள் நீங்கள் யார் என்பது ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது: பிள்ளை. மனைவி மேடையேறி உறுதிப்படுத்தினால்தான் அது நிலைக்கும் என்று நீங்கள் நினைக்கும்வரை, கடவுள் சொன்ன வார்த்தையை விடக் கூட்டத்தின் கைதட்டலையே அதிகம் நம்புகிறீர்கள். இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். அன்பினால்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். 'பழையவைகள்' என்ற ஒரே சாக்கில் நீங்கள் இரண்டு வேறு பொருட்களைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். தாலிக்கொடியை ஈடு வைத்து இழந்தது நீங்கள் செய்தது. அதற்கு வேண்டியது மனந்திரும்புதலும் திருப்பிக் கொடுத்தலும். வன்னியில் கண்டவை உங்களுக்கு நேர்ந்தவை. அவற்றால் நித்திரை கெடுவதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. அது காயம், காயத்துக்கு வைத்தியம் வேண்டும். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று உங்களிடம் சொன்னவர்கள், லூக்காவைப் 'பிரியமான வைத்தியன்' என்று பவுல் அழைத்ததை எப்படி வாசிக்கிறார்களோ எனக்குத் தெரியவில்லை. நம்முடைய மண்ணிலேயே, 1847இல் மிஷனரியாக வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்; ஜெபமும் மருந்தும் அவர் கையில் சண்டையிடவில்லை. நிறுத்திய மாத்திரைகளைப் பற்றி இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். நீங்களாக மீண்டும் விழுங்கத் தொடங்கவும் வேண்டாம். இரவில் தாங்கமுடியாத எண்ணங்கள் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

சாட்சியைப் பற்றி: அடுத்த மாதக் கூட்டத்தில் பேசவேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் மனைவியின் துயரம் அவருடையது. அவர் அனுமதியின்றி அதை ஒலிபெருக்கியில் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, அது எத்தனை ஆத்துமாக்களைத் தொடும் என்று யார் சொன்னாலும் சரி. போதகரிடம், இன்னும் என் வீட்டுக் கணக்கு முடியவில்லை என்று சொல்லுங்கள். அவர் நல்ல மேய்ப்பராக இருந்தால் உங்களைத் தட்டிக் கொடுப்பார்.

ஒன்பது பவுண் இன்றைய விலைக்குப் பெருந்தொகை. ஒரு கூலிக்காரனால் ஓராண்டில் முடியாது, ஐந்தாண்டிலும் முடியாமல் போகலாம். ஆகவே பிள்ளைகளின் செலவுக்கு மாதாமாதம் கொடுப்பதைத் தனியாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு சிறிய தொகையானாலும் தாலிக்கொடிக்கென்று மனைவியின் பெயரில் வங்கியில் போடத் தொடங்குங்கள். புத்தகத்தை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். அதோடு கடிதம் வைக்கவேண்டாம், வசனமும் எழுதவேண்டாம், எப்போது திரும்பி வருவீர் என்று கேட்கவும் வேண்டாம்.