பாகல் பந்தலும் மகளின் படிப்பும்

தேனி மாவட்டக் கூடலூர் அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பாதி, வேளாண்மை படிக்க ஆசைப்படும் மகளின் படிப்பு, மீதி பாகல் பந்தல். கொடி பந்தலை மூடிவிட்டது, பூவும் நிறைய, காயைத்தான் காணோம். இன்னொரு மூட்டை யூரியா வாங்கி வைத்தால், "போடாதீங்கப்பா" என்று மகள் சண்டைக்கு வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவள் சொல்வதுதான் சரி. நாளைக் காலையில் பந்தலுக்கு அடியில் போய் நின்று பாருங்கள். மெல்லிய காம்பில் வெறுமனே நிற்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே விரல் நுனி அளவில் சொரசொரப்பாகக் குட்டிப் பாகல் ஒட்டியிருந்தால் அது பெண் பூ. ஆண் பூ முந்தி வருவதும், கூடுதலாக இருப்பதும் பாகலின் இயல்பு. அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் யூரியா கொடுப்பது தழைச்சத்து; அது மிஞ்சினால் கொடி தழைத்துக்கொண்டே போகும், பெண் பூ தள்ளிப்போகும். பெயரிலேயே தழை இருக்கிறதே! நீண்ட பகலும் கடும் வெயிலும் சேர்ந்தால் ஆண் பூ இன்னும் பெருகும். செடிக்குள் ஊறும் எத்திலீன் வாயு பெண் பூவைக் கூட்டும். எத்திலீனை வெளிவிடும் எத்ரல் மருந்தைத் தெளிக்கச் சொல்வது அதனால்தான்.

பப்பாளியில் இது நடக்காது. ஆண் மரமா, பெண் மரமா என்பது விதையிலேயே முடிவாகிவிடும். எந்த உரமும் அதை மாற்றாது. போரான் என்ற நுண்சத்து குறைந்தால் பழம் மேடுபள்ளமாகக் கோணும், அவ்வளவுதான்.

உரத்தால் மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்துப் பார்ப்பதையே மண்ணியல், பயிர் வினையியல், தோட்டக்கலை என்று கல்லூரியில் நடத்துகிறார்கள். "மண்ணைக் கிளறவா படிக்க வைத்தேன்" என்கிறீர்கள். கிளறத் தெரிந்தவர்களுக்கு மண் ஆய்வுக்கூடம், வீரிய விதை நிறுவனம், வேளாண் துறை, தோட்டக்கலைத் துறை என்று வேலை இருக்கிறது. உரக்கடை உரிமத்துக்கே இப்போது உரிய படிப்பைக் கேட்கிறார்கள்.

கேரளத்துக் குமுளி மைத்துனர் நீட் எழுதியே ஆக வேண்டும் என்றாராம். கேரளத்தில் இளநிலை வேளாண்மைக்கு அப்படித்தான்; அவர் தப்பாகச் சொல்லவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. தோட்டக்கலைக் கல்லூரி பெரியகுளத்திலேயே இருக்கிறது. பஸ் ஏறினால் போய் வரும் தூரம். தனியார் கல்லூரி என்றால் முன்பணம் கட்டும் முன் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேளாண்மையா, தோட்டக்கலையா என்பதை அவளே முடிவு செய்யட்டும். அரசுப் பணியில் வேளாண்மை அலுவலர் வேறு, தோட்டக்கலை அலுவலர் வேறு, கேட்கும் பட்டமும் வேறு.

ஒரு வேலை மட்டும் அவளிடம் கொடுங்கள். வரப்போரத்தையும் எருக்குழிப் பக்கத்தையும் விட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஓர் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகட்டும். முடிவு வரும்வரை அந்த யூரியா மூட்டை திண்ணையிலேயே கிடக்கட்டும்.