வெஞ்சனம் சாப்பாடாகட்டும்

கேள்வி: எனக்கு 43 வயது, எடை 78 கிலோ. போன மாதம் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.1 என்று வந்தது. பிரஷருக்கு மட்டும் ஒரு மாத்திரை போடுகிறேன். மாவுச்சத்தைக் குறைத்து, புரதத்தைக் கூட்டச் சொன்னார் டாக்டர். இரண்டு முறை சோற்றை அடியோடு நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாளே தலைவலி, எரிச்சல். நாலாம் நாள் பரோட்டாவில் போய் முடிந்தது. வெள்ளி, சனி வீட்டில் கவிச்சி கிடையாது. எனக்கென்று தனிச் சமையலும் நடக்காது. மாமியார் வேறு, “சோறு திங்காம வெறும் வெஞ்சனத்தத் தின்னா வயிறு நெறையுமா?” என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டுமா?
– பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். வேண்டாம் என்று சொல்ல வந்தவர், செய்ய வேண்டியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். நம் வீடுகளில் சோறுதான் சாப்பாடு; மீனும் பருப்பும் பொரியலும் அதை உள்ளே இறக்கத் துணை, அதாவது வெஞ்சனம். இதைத் திருப்பிப் போடுங்கள். வெஞ்சனம் சாப்பாடு, சோறு அதற்குத் தொட்டுக்கொள்ள. தனிச் சமையலே வேண்டாம். எல்லோருக்கும் வைத்த குழம்புதான். உங்கள் தட்டில் அளவு மட்டும் மாறும்.

இரண்டு முறையும் நீங்கள் சோற்றை எடுத்தீர்களே தவிர, அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. பசி வேறு என்ன செய்யும்? அதுவும் எண்ணெய்ப் பரோட்டா மணக்கிற ஊரில் இருந்துகொண்டு! அந்த நாலாம் நாளுக்காக வருத்தப்படாதீர்கள்.

தலைவலிக்குக் காரணம் உண்டு. மாவுச்சத்து சட்டென்று குறைந்தால் இன்சுலினும் இறங்கும். அப்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வழக்கத்தைவிட அதிகம் வெளியேற்றும். உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு கரைய, அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் போகும். “ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது” என்று யாராவது சொன்னால், அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். இதற்குச் சிலர் உப்பைக் கூட்டச் சொல்வார்கள். பிரஷர் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மெதுவாகக் குறையுங்கள், தலைவலி பெரும்பாலும் எட்டிப் பார்க்காது.

அதனால் முதல் வாரம் மதியச் சோற்றைக் குறைக்க வேண்டாம். காலைப் பலகாரத்தை மட்டும் மாற்றுங்கள். 5 இட்லி சாப்பிட்டால் மாவுச்சத்து 40 கிராமைத் தாண்டிவிடும், புரதம் 10 கிராமைத் தொடுவதே கஷ்டம். 2 இட்லி, 2 அவித்த முட்டை, கெட்டியான சாம்பார் ஒரு கிண்ணம் என்று வைத்துப் பாருங்கள். முட்டை ஒன்றுக்கு 6 கிராம் புரதம். பதினொரு மணிக்கு வரும் பசி வரவில்லை என்றால் சரியான வழியில் போகிறீர்கள்.

இரண்டாம் வாரம் மதியம். தட்டில் சோறு கடைசியாக விழட்டும். முதலில் மீனோ கோழியோ 150 கிராம் அளவுக்கு. அதிலேயே சுமார் 30 கிராம் புரதம் வந்துவிடும். அப்புறம் புடலங்காய், வெண்டைக்காய், வாழைத்தண்டு, கீரை என்று இரண்டு கை நிறையக் காய். மிச்ச இடத்துக்கு ஒரு கரண்டி சோறு. காயை விட்டுவிட்டுக் கறியை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் வந்து, இந்த முயற்சியையே திட்டுவீர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) கணக்கு, கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். உங்கள் எடைக்கு 65 கிராம் வருகிறது. நீங்கள் 70, 75 வரை போகலாம். முட்டை, மீன், தயிரிலேயே அது வந்துவிடும். பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாதத்துக்கு மீன் வாங்கலாம்.

வெள்ளி, சனிதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய நாட்கள். பருப்பு முழுக்கப் புரதம் என்று நினைக்கிறோம், அது பாதி உண்மை. காய்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் புரதம் 20 கிராம் என்றால் மாவுச்சத்து 60 கிராம். சுண்டல் நல்லதுதான், ஆனால் சோற்றோடு கூடுதலாக இல்லை, சோற்றுக்குப் பதிலாக. அந்த நாட்களில் பனீர் 100 கிராம் (புரதம் 18), கெட்டித் தயிர், மீல் மேக்கர் ஆகியவை கைகொடுக்கும். காய்ந்த மீல் மேக்கர் 50 கிராமில் 25 கிராம் புரதம். வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, மிளகு போட்டு வறுத்தால் கறிச்சுக்கா மாதிரியே இருக்கும். பிழியாமல் போட்டால் மாமியார் சொல்வதுதான் சரி என்று உங்களுக்கே தோன்றும்.

இரவில் சோற்றுக்குப் பதில் மூன்று சப்பாத்தி, கம்பு தோசை என்று மாறிவிட்டு “கார்ப் குறைத்துவிட்டேன்” என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். 2025-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்–இந்தியாப் (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின்படி, நம் நாட்டவர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாக அதில் தெரியவில்லை. தானியத்தை மாற்றினால் போதாது, அளவு குறைய வேண்டும். காப்பிச் சர்க்கரையும் கணக்கில் உண்டு, ஒளித்து வைக்காதீர்கள்.

தொடங்கும் முன் இரண்டு வேலை. கிரியாட்டினின் பரிசோதனை ஒன்று. சிறுநீரகத்தில் குறை இருந்தால் புரதத்தைக் கூட்டுவது தப்பு. மற்றது, பிரஷர் மாத்திரை பற்றி டாக்டரிடம் சொல்லி வையுங்கள். உணவு மாறும்போது பிரஷர் இறங்கலாம். எழுந்து நின்றால் கிறுகிறுப்பு வந்தால் அளவைப் பார்க்க வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: சர்க்கரை நோய்க்கு இன்சுலின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகளை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. முதல் இரண்டில் சர்க்கரை தாழ்ந்துபோகும். மூன்றாவதில் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளுக்கு இந்த முறையே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இருந்தால் சாப்பிடுங்கள். அரைத் தட்டு அரிசி, கறி மட்டும் கூட இரண்டு துண்டு. ஹெச்பிஏ1சியை அடுத்த மாதமே எடுத்துப் பார்க்கத் தோன்றும். ரத்தச் சிவப்பணு 120 நாள் வரை வாழ்கிறது, அந்தக் கணக்கு மெதுவாகத்தான் மாறும். மூன்று மாதம் கழித்து எடுங்கள். முன்னாலேயே எடுத்தால் லேபுக்குத்தான் லாபம்.