திணிவும் நிறையும் இரண்டு கைகளும்

வணக்கம் ஐயா,

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 7க்கு விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிறேன். வகுப்பில் பிறவியிலேயே காது கேளாத பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்காகச் சைகை மொழி கொஞ்சம் பழகினேன். ஆனால் திணிவு, ஒளித்தொகுப்பு (இலை வெளிச்சத்தில் உணவு தயாரிப்பது) போன்ற சொற்களுக்குச் சைகை தெரியாமல் விரலால் எழுத்தெழுத்தாகக் காட்டுகிறேன். தலையாட்டுகிறான், பரீட்சைத் தாளில் ஒன்றும் எழுதுவதில்லை. உதட்டைப் பார்த்துப் படிக்கப் பழக்குங்கள் என்கிறார்கள். விஞ்ஞானத்துக்குச் சைகை போதுமா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

போதும். எழுத்தெழுத்தாகக் காட்டுகிறீர்களே, சிக்கல் அங்கேதான். அப்படிக் காட்டும்போது அவனுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, அது எதன் பெயர் என்று தெரிவதில்லை. காது கேட்கும் பிள்ளைகளே இந்தச் சொற்களில் தடுமாறுகிறார்கள். நம் பாடநூலில் திணிவு வேறு, நிறை வேறு. தமிழ்நாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் நம்முடைய திணிவைத்தான் அங்கே நிறை என்கிறார்கள்!

ஒரு கையை முட்டியாகப் பிடியுங்கள். அது திணிவு, அதாவது ஒரு பொருளில் எவ்வளவு சடம் இருக்கிறது என்பது. மற்றக் கையால் அந்த முட்டியைக் கீழே இழுங்கள். பூமி இழுக்கும் அந்த இழுப்புதான் நிறை. இப்போது சந்திரனுக்குப் போகலாம். முட்டி அதே முட்டிதான், இழுப்பு மட்டும் ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. நான் நாலு வரியில் சொல்வதை உங்கள் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பிரித்தானியச் சைகை மொழிக்கு இப்படி விஞ்ஞான, கணிதச் சைகைகளைத் தொகுத்திருக்கிறார்கள். காது கேளாதவர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். அந்தச் சைகைகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, நம் நாட்டுச் சைகை மொழி வேறு. ஆனால் அந்த வழியை எடுத்துக்கொள்ளலாம்.

உதட்டைப் பார்ப்பது பற்றி: கண்ணாடி முன் நின்று 'மாலை', 'பாலை' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கே வித்தியாசம் தெரியாது. 1880இல் மிலான் நகரில் கூடிய மாநாடு, காது கேளாத பிள்ளைகளின் பாடசாலைகளில் சைகை வேண்டாம், பேச்சுதான் வேண்டும் என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் காது கேட்கும் ஆசிரியர்கள். அதே மாநாடு 2010இல் வான்கூவரில் அதற்காக வருத்தம் தெரிவித்தது. நடுவில் போனது 130 வருடம். உங்கள் பையனுடைய ஒரு வருடத்தையும் அதில் சேர்க்க வேண்டாம்.

என் பெரியம்மா மகள் காது கேளாதவள், பாடசாலை வாசலை மிதிக்காதவள். மழை நாளில், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். ஒரு நாள் வழக்கத்தைவிட அதிகமாகக் கழித்துவிட்டார்கள். அக்கா சாக்கைப் பிழிவதுபோலக் காட்டி, இவ்வளவுதான் தண்ணீர் என்று விரல்களை நீட்டினாள். பக்கத்தில் நின்ற எனக்குப் புரிந்தது. நிறுத்தவர் கையை வீசி அவளைப் போகச் சொல்லிவிட்டார். சதவீதம் என்ற சொல் தெரியாமலே சதவீதம் போட்டவள் அவள். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பையனிடமும் கணக்கு ஏற்கெனவே இருக்கும். அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டால் வீட்டுக்கு எவ்வளவு குறையும் என்று அவன் பார்த்தே வளர்ந்திருப்பான். பின்னத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் இன்னொன்று. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அந்த நேரம் அவனுக்கு வகுப்பே இல்லை. எழுதிவிட்டு, திரும்பி, சைகை காட்டி, பிறகு அவன் பரிசோதனையைப் பார்க்க நேரம் விடுங்கள். ஒரு கண்ணால் இரண்டையும் பார்க்க முடியாது. பனிமூட்டம் இறங்கினால் வகுப்பறை இருட்டிவிடும் அல்லவா? ஜன்னல் வெளிச்சம் உங்கள் கைகளில் விழும்படி நில்லுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். புத்தகம் 100 பாகை என்கிறது, நுவரெலியாவில் 94 அளவிலேயே கொதித்துவிடும். உங்கள் பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். ஏன் என்று அவன் கேட்பான், கட்டாயம் கேட்பான்.

சைகைகளை நீங்கள் தனியாக உண்டாக்க வேண்டாம். காது கேளாத பெரியவர் ஒருவரைத் தேடி வகுப்புக்கு அழைத்து வாருங்கள். ஒளித்தொகுப்புக்கு முதலில் சோதனையைச் செய்யுங்கள். செவ்வரத்தைச் செடியை முதலில் இரண்டு நாள் இருட்டில் வைத்து, இலையில் இருக்கும் மாப்பொருள் தீர்ந்த பிறகு, ஓர் இலையில் பாதியைக் கறுப்புக் கடதாசியால் மூடி, வெயிலில் விட்டு, பச்சையம் நீக்கி, அயடின் விடுங்கள். வெளிச்சம் பட்டு மாப்பொருள் உண்டான பாதி மட்டும் கருநீலமாகும். அவன் அதைப் பார்த்த பிறகு, இதற்கு என்ன சைகை வைக்கலாம் என்று அவனிடமும் அந்தப் பெரியவரிடமும் கேளுங்கள். அவர்கள் வைத்த சைகை எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.